திருகுவதற்கு முன்: பழைய வீடியோ கேம் கருவிகளின் பழுதுநீக்கம்

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடப்பட்ட 1980கள், 1990களின் வீடியோ கேம் கருவிகளை வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்யும் கைத்தொழில், ஒன்றுபோலத் தோன்றினாலும் தன்மையில் வேறான இரண்டு வேலைகளைக் கொண்டது. தேய்ந்தோ துருப்பிடித்தோ ஒழுகியோ போன பகுதியைக் கண்டறிந்து, அதைச் சுத்தம்செய்வதோ மாற்றுவதோ பழுதுநீக்கம். நல்ல நிலையில் உள்ள பகுதிகளின் மின்னழுத்தம், ஒளியளவு, மையப்புள்ளி ஆகியவற்றை உரிய இடத்துக்குக் கொண்டுவருவது அளவு திருத்தம். முன்னதை முடிக்காமல் பின்னதில் கை வைக்கக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் விதி. ஏனெனில் அளவு திருத்தத்துக்கென வைக்கப்பட்டுள்ள சிறு திருகுகளைத் திருப்பிவிட்டால் தேய்ந்த கருவியும் சில காலம் ஓடத்தான் செய்யும், ஆனால் தேய்மானம் கண்ணிலிருந்து மறையுமே தவிர நின்றுவிடாது.

ஐசியைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. கருவியைத் திறந்ததும் கண்ணில் படுபவை பெரிய கறுப்பு ஐசிகளே என்பதால், புதிதாகக் கற்பவர் அவற்றின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார். ஆனால் அசையும் உறுப்போ, காய்ந்துபோகும் திரவமோ, உராயும் உலோகமோ இல்லாத அந்த ஐசிகள்தாம் கருவியில் நீண்ட ஆயுள் கொண்டவை. கெடுபவை பெரும்பாலும் அவற்றைச் சுற்றியுள்ளவை: கேசட் செருகும் இணைப்பான், மின்சாரம் கொண்டுவரும் அடாப்டர், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர், விளையாட்டின் நிலையைச் சேமித்துக் காக்கும் பட்டன் செல், பொத்தானுக்கு அடியிலுள்ள கார்பன் ரப்பர், லென்ஸைச் சுமக்கும் பிளாஸ்டிக் தடம். இக்கட்டுரையாளரின் மேசைக்கு ‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்போடு வந்து சேர்ந்த கருவிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் அடங்கியவையே. ஐசியே எரிந்துபோனவற்றில் பலவும் தவறான அடாப்டரைச் செருகியதால் அந்த நிலைக்கு வந்தவை.

மூலமும் நகலும்

இத்தொழிலைக் கற்க விரும்புபவருக்கு மிகப் பொருத்தமான பாடக்கருவி, நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர், அதாவது சுருக்கமாக ஃபேமிகாம் ஆகும். மசாயுகி உயெமுராவின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இக்கருவியில் ரிகோ நிறுவனம் தயாரித்த இரண்டு பெரிய ஐசிகள் உள்ளன. ஒன்று நிரலை இயக்கி ஒலியையும் உண்டாக்குகிறது, மற்றொன்று படத்தை வரைகிறது. இந்த வேலைப் பிரிவினை கேசட்டுக்குள்ளும் தொடர்கிறது: விளையாட்டின் விதிகளும் இசையும் அடங்கிய நிரல் ஒரு நினைவகத்திலும், பாத்திரங்கள், மரங்கள், எழுத்துகள் ஆகியவற்றின் உருவங்கள் பெரும்பாலும் இன்னொரு நினைவகத்திலும் இருக்க, 60 தொடுமுனைகளில் ஒரு பகுதி முதல் ஐசிக்கும் ஒரு பகுதி இரண்டாவது ஐசிக்கும் போய்ச் சேர்கின்றன. பழுதைக் கண்டறிவதில் இந்தப் பிரிவினை எவ்வளவு உதவுகிறது என்பது பின்னால் விளங்கும்.

ஃபேமிகாமின் அமைப்பைப் பின்பற்றித் தைவானில் யுஎம்சி நிறுவனம் தயாரித்த ஐசிகளைக் கொண்டு மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல் கருவிகள் உருவாயின. 1992 முதல் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் பரவியதும் அத்தகைய நகலே. தமிழ்நாட்டில் 1990களில் வளர்ந்த தலைமுறை ‘டிவி கேம்’ என்றும் ‘கேசட்’ என்றும் அறிந்தவை பெரும்பாலும் இந்த நகல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியத் தொலைக்காட்சி வினாடிக்கு 50 முறை திரையை வரையும் பால் முறையைப் பின்பற்ற, ஜப்பானிய விளையாட்டுகளோ ஏறத்தாழ 60 முறை வரையும் என்டிஎஸ்சி முறைக்கு எழுதப்பட்டிருந்தன. நகல் தயாரிப்பாளர்கள் நிரலை மாற்றாமல், ஒவ்வொரு திரைச்சுற்றிலும் படம் முடிந்தபின் வெற்று வரிகளைக் கூட்டிப் படம் வரையும் ஐசியைத் திருத்தியமைத்தனர். அதனால் ஜப்பானியக் கேசட்டுகள் சற்று மெதுவாக ஓடினாலும் குழப்பமின்றி ஓடின. 

தொடக்கக் கால நகல்களில் தனித்தனி ஐசிகள் இருந்தன. பிற்கால மலிவு நகல்களில் அனைத்தும் ஒரே சில்லில் சுருங்கி, கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. அந்தப் பொட்டுக்கு உள்ளே நேரும் பழுதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள சுவிட்ச், இணைப்பான், கம்பி, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவை மூலக்கருவியில் உள்ளவற்றை ஒத்தவையே என்பதால், விலை குறைந்த ஒரு நகலில் கை பழகியவர் பிறகு மூலக்கருவியைத் துணிவோடு திறக்கலாம்.

மின்சாரத்திலிருந்து தொடங்குதல்

எந்தக் கருவியானாலும் சோதனை வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். வெளியே முதலில் இருப்பது அடாப்டர். ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் டிசி தருவது, அதுவும் செருகியின் நடுமுனை எதிர்மின்னாகவும் வெளிவளையம் நேர்மின்னாகவும் அமைந்தது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்கு நேர்மாறானவை. அமெரிக்காவில் 1985-இல் வெளியான என்இஎஸ் என்ற உடன்பிறப்புக் கருவியின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி தருவது. அதை டிசியாக மாற்றும் டயோடுகள் கருவிக்குள்ளேயே இருப்பதால் அதற்கு இடையூறில்லை. ஆனால் அதே அடாப்டரை ஃபேமிகாமில் செருகினால், திசை மாறி மாறி வரும் மின்னோட்டம் உள்ளே உள்ள கண்டென்சரையும் மின்னழுத்தச் சீராக்கியையும் பதம்பார்த்துவிடும். செருகி பொருந்துகிறது என்பது அடாப்டர் பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது என்பதால், மல்டிமீட்டரால் அளக்காத அடாப்டரை எந்தக் கருவியிலும் செருகக்கூடாது.

அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்மாற்றி வைத்த பழைய அடாப்டர், எதனோடும் இணைக்கப்படாத நிலையில், தன்மேல் எழுதப்பட்டுள்ளதைவிடக் கூடுதலான வோல்ட்டையே காட்டும். சுமை ஏறிய பிறகே அதன் உண்மை நிலை தெரியும். ஆகவே இரண்டாவது அளவைக் கருவியைத் திறந்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போது 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கியில் எடுக்க வேண்டும். மூன்று கால்கள் கொண்ட இந்த ஐசி, முதல் காலில் வரும் ஏற்ற இறக்கமான மின்னழுத்தத்தை வாங்கி மூன்றாம் காலில் நிலையான 5 வோல்ட்டாகத் தருகிறது, நடுக்கால் தரை. வெளிவருவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வந்தால்தான் இது ஒழுங்காக வேலைசெய்யும் என்பதால், முதல் காலில் 7 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் பழுது அடாப்டரில் என்றும், முதல் கால் சரியாக இருந்து மூன்றாம் காலில் 5 வோல்ட் வராவிட்டால் பழுது சீராக்கியிலோ அதற்கு அப்பால் உள்ள ஷார்ட்டிலோ என்றும் இரண்டே அளவுகளில் முடிவுகட்டிவிடலாம்.

மிச்ச மின்னழுத்தத்தை இந்தச் சீராக்கி வெப்பமாகவே வெளியேற்றுகிறது. 10 வோல்ட் உள்ளே வந்து அரை ஆம்பியர் மின்னோட்டம் ஓடினால் 2.5 வாட் வெப்பம் உண்டாகும் என்பதாலேயே அதன் முதுகில் அலுமினியத் தகடு பொருத்தப்பட்டுள்ளது. தகட்டுக்கும் ஐசிக்கும் இடையே வெப்பம் கடத்துவதற்காகப் பூசப்பட்ட வெள்ளைப் பசை நாளடைவில் சுண்ணாம்புபோலக் காய்ந்துவிடுவதால், அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடமே. 7805 சில ரூபாய்களுக்கு, சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களின் ரேடியோ உதிரிபாகக் கடைகளிலும் இன்றும் கிடைக்கிறது.

தொடுமுனைகள்

மின்சாரம் சரியாக இருந்தும் விளையாட்டு ஓடாவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது கேசட்டும் அதன் இணைப்பானும் சந்திக்கும் இடம். முன்னர்ச் சொன்ன வேலைப் பிரிவினை இங்கே கைகொடுக்கிறது. திரை ஒரே நிறமாக அசையாமல் நின்றால் நிரல் ஓடவில்லை, அதாவது முதல் ஐசிக்குச் செல்லும் முனைகளில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று பொருள். இசை பிழையின்றி ஒலித்து, பொத்தானுக்கு ஏற்ப அசைவுகளும் நடந்து, உருவங்கள் மட்டும் சிதைந்தோ எழுத்துகள் கலைந்தோ தெரிந்தால் நிரல் நன்றாக ஓடுகிறது, படம் வரையும் ஐசிக்குச் செல்லும் முனைகளில்தான் அழுக்கு என்று பொருள். கருவியைத் திறக்காமலேயே பழுதின் இருப்பிடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும் இந்தப் பகுப்பை அறிந்தவர், கலங்கிய படத்தைக் கண்டவுடன் ஐசியைக் குறை சொல்லமாட்டார்.

முனைகளைச் சுத்தம்செய்வது எளிய வேலை என்றாலும் அதில் ஒழுங்கு வேண்டும். தூய்மையான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், அதாவது சேர்வைகள் இல்லாமல் விரைவில் ஆவியாகும் சாராய வகை ஒன்றில், பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, முனைகளின் நீளவாட்டில், கேசட்டின் உட்புறத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒரு முனையின் அழுக்கு அடுத்த முனையின் இடைவெளியில் போய்த் தங்கும். முதல் குச்சியில் பெரும்பாலும் கரும்பழுப்புக் கறை ஏறும், அடுத்ததில் சாம்பல் நிறம். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை புதிய குச்சிகளை எடுத்துத் தொடர்ந்துவிட்டு, ஆல்கஹால் முழுவதும் உலர்ந்தபிறகே கேசட்டைச் செருக வேண்டும். பிடிவாதமான கறைக்கு மென்மையான வெள்ளை ரப்பரால் இலேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாளோ பிளேடோ பயன்படுத்தினால் முனைகளின் மேலுள்ள மெல்லிய பொன்முலாம் போய், அடியில் உள்ள செம்பு வெளிப்பட்டு, சில மாதங்களில் முன்னைவிட மோசமாகக் கறுத்துவிடும்.

கேசட்டை வாயால் ஊதிச் செருகும் வழக்கம் உலகெங்கும் சிறுவர்களிடையே இருந்தது. ஊதியபின் விளையாட்டு ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதல் அல்ல, கேசட்டை எடுத்து மீண்டும் செருகியபோது முனைகள் வேறு புள்ளியில் தொட்டதே. மூச்சிலுள்ள ஈரம் உலோகத்தைக் கெடுப்பதால் நின்டெண்டோ நிறுவனமே அதைச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

என்இஎஸ் கருவியில் இதே அழுக்கு வேறு முகம் காட்டுகிறது. அதில் கேசட்டை முன்புறமாக நுழைத்துக் கீழே அழுத்தும் அமைப்பு இருப்பதால், 72 முனைகள் கொண்ட இணைப்பானின் கம்பிகள் நாளடைவில் விறைப்பை இழக்கின்றன. மேலும் அக்கருவியிலும் கேசட்டிலும் ஒவ்வொரு காவல் ஐசி உண்டு. இரண்டும் ஓயாமல் ஒன்றோடொன்று குறியீடு பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு தடைப்பட்டால் கருவியில் உள்ள ஐசி ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை கருவியை மறுதொடக்கம் செய்யும், சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு எரியும். உரிமம் பெறாத கேசட்டுகளைத் தடுக்க வைத்த காவல், தேய்ந்த இணைப்பானால் உரிமம் பெற்ற கேசட்டையே வெளியே நிறுத்துகிறது. அந்த ஐசியின் 4ஆம் காலைப் போர்டிலிருந்து விடுவித்துக் காவலை அடக்கும் முறை பரவலாக அறியப்பட்டது என்றாலும், அது விளக்கு மின்னுவதை நிறுத்துமே தவிர, தொடாத முனையைத் தொடவைக்காது. இணைப்பானைச் சரிசெய்யாமல் காவலை மட்டும் அடக்கிய கருவியில் மின்னும் விளக்குக்குப் பதிலாகக் கலங்கிய படம் வரும்.

கைப்பிடிகளின் பழுதும் தொடுமுனைப் பழுதே. ஃபேமிகாமின் கைப்பிடிக்குள் 4021 என்ற சிறு ஐசி ஒன்று எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே நொடியில் பதிந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பி வழியே கருவிக்கு அனுப்புகிறது. ஆகவே ஒரு பொத்தான் மட்டும் வேலைசெய்யாவிட்டால் அதன் அடியிலுள்ள கார்பன் ரப்பரையும் போர்டின் கறுத்த தடத்தையும் துடைத்தால் போதும். எட்டும் ஒருசேர நின்றுவிட்டால் ரப்பரைத் தொடவே வேண்டாம், கம்பியில்தான் முறிவு. அந்த முறிவும் பெரும்பாலும் கம்பி பெட்டிக்குள் நுழையும் வளைவில் இருக்கும் என்பதால், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, கம்பியை அந்த இடத்தில் இலேசாக வளைத்துப் பார்த்தால் ஒலி விட்டுவிட்டு வருவது கேட்கும்.

காய்பவையும் ஒழுகுபவையும்

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் என்பது, அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்பகு திரவத்தில் நனைந்த காகிதத்தைச் சுருட்டி வைத்த சிறு உருளை. அது மின்னேற்றத்தைத் தேக்கி மின்னழுத்தத்தின் அலைகளைச் சமப்படுத்துகிறது. திரவம் காய்ந்தால் அதன் கொள்ளளவு குறைந்து, படத்தில் கிடையான நிழல்பட்டைகள் ஊர்வதும் ஒலியில் இரைச்சல் ஏறுவதும் தொடங்கும். திரவம் ஒழுகினால் அது போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். ஒழுகலுக்குப் பெயர்பெற்றது சேகா நிறுவனம் 1990-இல் வெளியிட்ட கேம் கியர் என்ற கையடக்கக் கருவி. அதில் போர்டின் மேற்பரப்பில் ஒட்டவைக்கப்பட்ட சிறு கண்டென்சர்கள் ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஒழுகியிருக்கின்றன. முதலில் ஒலி மங்கும், பிறகு திரை வெளிறும், இறுதியில் கருவி ஓடத் தொடங்கிய உடனே அணையும். பற்றவைப்புக்கோலை வைத்ததும் மீன் கவிச்சி போன்ற நாற்றம் எழுந்தால் ஒழுகியிருப்பது உறுதி. புதிய கண்டென்சரை வைப்பதற்கு முன், ஒழுகிய திரவத்தை ஆல்கஹாலால் கழுவி, கறுத்த தடங்களைச் சுரண்டி, ஒவ்வொரு தடத்தின் தொடர்ச்சியையும் அளந்துவிட வேண்டும். பழைய திரவம் மிஞ்சியிருந்தால் புதிய கண்டென்சரின் காலடியிலும் அரிப்பு தொடரும்.

மைக்ரோசாஃப்ட் 2001-இல் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸில் இதைவிடத் துயரமான அமைப்பு உண்டு. நேரம் காட்டும் கடிகாரத்தைச் சில மணி நேரம் ஓடவைப்பதைத் தவிர வேறு பயனில்லாத ஒரு பெரிய கண்டென்சர், கடைசி மாதிரியைத் தவிர மற்றவற்றில் ஒழுகித் தாய்ப்போர்டையே கெடுக்கிறது; அதைக் கழற்றி எறிந்துவிட்டாலும் கருவி குறைவின்றி ஓடும். ஒரு பகுதியை மாற்றாமல் அகற்றுவதே முழுமையான பழுதுநீக்கமாக அமையும் அரிய இடம் இது.

கேசட்டுகளில் காய்வது பட்டன் செல். அமெரிக்காவில் 1987-இல் வெளியான தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா கேசட்டில் விளையாட்டின் நிலையைச் சேமிக்க ஒரு சிறு நினைவகமும், கருவி அணைந்திருக்கும்போது அதை உயிரோடு வைத்திருக்க 3 வோல்ட் லித்தியம் செல்லும் இருந்தன. செல் தீர்ந்தால் விளையாட்டு ஓடும், ஆனால் சேமித்தவை மறையும். போக்கிமான் கோல்ட், சில்வர் கேசட்டுகளில் அதே செல் ஓயாத கடிகாரம் ஒன்றையும் ஓட்டுவதால் விரைவாகவே தீர்ந்துவிடுகிறது. செல்லின் உடலில் பற்றவைப்புக்கோலை நேரடியாக வைத்தால் அது வெடிக்கக்கூடும் என்பதால், உலோக நாக்குகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட செல்லை வாங்கி நாக்கை மட்டுமே பற்றவைக்க வேண்டும். செல்லைக் கழற்றும் நொடியில் சேமித்தவை அழியும் என்பதைக் கேசட்டின் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது தொழில் நேர்மை. சிலருக்குக் கேசட்டைவிட, சிறுவயதில் சேமித்த அந்த நிலையே பெரிதாக இருக்கும். அத்தகையவர்களுக்காக, நினைவகத்தைக் கணினியில் படியெடுத்துக்கொண்டு, செல் மாற்றியபின் திரும்ப எழுதும் சிறு கருவிகள் உள்ளன.

திரையில் மறையும் கோடுகள்

நின்டெண்டோ 1989-இல் வெளியிட்ட கேம் பாய், குன்பெய் யோகோயின் குழு வடிவமைத்த கையடக்கக் கருவி. அதன் திரை 160 செங்குத்து வரிசைகளும் 144 கிடை வரிசைகளும் கொண்டது; பழகிய கருவிகளில் சில செங்குத்து வரிசைகள் முற்றிலும் மறைந்து, படத்தில் வெண்கோடுகள் விழுவது மிகப் பொதுவான பழுது. திரைக் கண்ணாடி உடைந்துவிட்டதாகவே பலரும் கருதுகிறார்கள். உண்மையில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் வெப்பத்தால் ஒட்டவைக்கப்பட்ட மெல்லிய நாடாவின் பிடி சில இடங்களில் விட்டுப்போயிருக்கும்.

இதைச் சரிசெய்வது ஒழுங்கான கைக்கு அரை மணி நேர வேலை. மூன்று கிளை கொண்ட திருகுகளுக்குரிய திருப்புளியால் பெட்டியைத் திறந்து, திரைப் போர்டை வெளியே எடுத்து, கீழ்விளிம்பில் நாடாவை மூடியிருக்கும் ரப்பர்ப் பட்டையை மெல்ல விலக்கினால், நாடா கண்ணாடியோடு சேரும் குறுகிய வரிசை தெரியும். வெப்பத்தைக் குறைத்து வைத்த பற்றவைப்புக்கோலின் தட்டையான பக்கத்தை அந்த வரிசைமேல் வைத்து, அழுத்தாமலும் நிறுத்தாமலும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். கருவியை ஓடவிட்டபடியே இதைச் செய்தால், கோல் நகர நகர மறைந்த வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைக் கண்ணாலேயே காணலாம். கோல் ஒரே இடத்தில் நின்றால் நாடா கருகி, போன வரிசையோடு பக்கத்து வரிசையும் போகும். பக்கவிளிம்பில் உள்ள நாடாவால் ஏற்படும் கிடைக்கோட்டுப் பழுதுக்கு இந்த மருந்து அவ்வளவாகப் பலிப்பதில்லை. அத்தகைய திரைக்கு மாற்றுத் திரை தேடுவதே நல்லது.

அளவு திருத்தம்

இனித்தான் திருப்புளிக்கு வேலை. போர்டுகளில் காணப்படும் பிரீசெட் என்பது, தலையைத் திருப்பினால் மின்தடை கூடியோ குறைந்தோ மாறும் சிறு உறுப்பு. தொழிற்சாலையில் உரிய அளவில் நிறுத்தி, சில சமயம் ஒரு துளி வண்ணம் வைத்து முத்திரையிடுவார்கள். அதைத் தொடுவதற்கு முன், இருந்த நிலையைக் கூர்மையான பேனாவால் கோடிட்டு, அப்போதைய மின்தடையை அளந்து எழுதிக்கொள்வது கட்டாயம். பழைய நிலைக்குத் திரும்பும் வழியில்லாமல் செய்யப்படும் அளவு திருத்தம் வெறும் ஊகமே.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சோனி நிறுவனம் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன். அதன் தொடக்க மாதிரிகளில் லென்ஸ் தொகுதி பிளாஸ்டிக் தடத்தின்மேல் ஊர்ந்து சென்று வட்டைப் படித்தது. தடம் தேய்ந்ததும் தொகுதி சாய, அருகிலிருந்த மின்வழங்கியின் வெப்பமும் சேர்ந்துகொள்ள, கருவி வட்டைப் படிக்கத் திணறியது. கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடியது என்பதை அக்காலத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். கவிழ்த்ததும் தொகுதியின் எடை தேயாத பக்கத்தில் சாய்ந்ததே காரணம். இந்தக் கருவிகளைப் பலர் லென்ஸ் தொகுதியிலுள்ள பிரீசெட்டைத் திருப்பி, லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டி ‘சரிசெய்தார்கள்’. வட்டு ஓடியது உண்மை. ஆனால் கூடுதல் மின்னோட்டம் லேசர் டயோடின் ஆயுளைத் தின்றதால், தேய்ந்த தடத்தோடு எரிந்த டயோடும் சேர்ந்து இரண்டு பழுதுகளாயின. லென்ஸைத் துடைத்து, தடத்துக்கு உயவு பூசி, தேய்ந்திருந்தால் தொகுதியையே மாற்றிவிட்டால் பிரீசெட்டைத் தொடவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அந்த லேசரின் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு எல்லையைச் சேர்ந்தது என்பதால், கருவி ஓடும்போது லென்ஸுக்குள் உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1996-இல் வெளியான நின்டெண்டோ 64 கருவியின் கைப்பிடியில் விரலால் அசைக்கும் நடுக்கட்டையோ வேறு பாடம் தருகிறது. கட்டையின் அசைவைத் துளையிட்ட இரண்டு சக்கரங்களும் ஒளி உணரிகளும் எண்ணிக் கணக்கிடுகின்றன; மின்தடையே அங்கு இல்லை. கருவியை முடுக்கும் நொடியில் கட்டை எங்கே இருக்கிறதோ அதையே அது மையமாக எடுத்துக்கொள்வதால், பாத்திரம் தானாக ஒருபக்கம் நகர்ந்தால் கட்டையை விட்டுவிட்டு, இடதுமேல், வலதுமேல், ஸ்டார்ட் பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மையம் புதிதாக நிறுவப்படும். அளவு திருத்தம் அத்தோடு முடிந்தது. கட்டை தொளதொளவென்று ஆடுவது மையத்தின் குறையன்று, கீழேயுள்ள பிளாஸ்டிக் கிண்ணம் அரைபட்ட குறை; திறந்து பார்த்தால் வெண்பொடியாக அந்தத் தேய்மானம் கொட்டிக் கிடக்கும். கிண்ணத்தையும் பற்சக்கரங்களையும் மாற்றுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

வீட்டு மேசையின் எல்லை

எதைச் செய்யக்கூடாது என்பதும் தொழிலறிவின் பகுதியே. பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சிகளை இந்தக் கருவிகளுக்காகவே பலர் பாதுகாக்கிறார்கள். டியூபில் படம் வரியாக வரையப்படும் கணத்தையே நம்பி இயங்கும் ஒளித்துப்பாக்கி, இன்றைய தட்டைத்திரைகளில் வேலைசெய்யாது என்பதால் அந்தப் பாதுகாப்புக்கு நியாயமும் உண்டு. ஆனால் வண்ண டியூபின் நேர்முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்து வைத்த பிறகும் அந்த மின்னேற்றம் தங்கும் என்பதால், தொலைக்காட்சியின் பின்மூடியைத் திறப்பது அதில் முறையாகப் பயின்றவருக்கு மட்டுமே உரிய வேலை.

பழைய போர்டுகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் பற்றவைக்கப்பட்டவை. அது 190 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும் என்பதால் கோலின் வெப்பத்தை அளவோடு வைத்தாலே போதும், மிகையாகச் சூடேற்றினால் செம்புத் தடம் போர்டைவிட்டுப் பெயர்ந்துவிடும். பற்றவைக்கும்போது காற்றோட்டம் வேண்டும், முடித்ததும் கையைக் கழுவ வேண்டும், சிறு குழந்தைகள் புழங்கும் மேசையில் இதைச் செய்யக்கூடாது. மஞ்சளித்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் கொண்டு வெளுப்பாக்கும் முறை இன்று பரவியுள்ளது; அது பார்வைக்கு இனியதே என்றாலும் மஞ்சள் மீண்டும் ஏறக்கூடும், நொறுங்கத் தொடங்கிய பிளாஸ்டிக்கை அது வலுப்படுத்தவும் செய்யாது.

இக்கட்டுரையாளரின் அனுபவம் தரும் முடிவு இதுவே: இந்தக் கருவிகளில் தேய்மானத்தால் இறந்தவற்றைவிட, அவசரத் திருத்தத்தால் இறந்தவை குறைவல்ல, அளக்காமல் செருகிய அடாப்டரும், உப்புத்தாளால் தேய்த்த முனையும், குறியிடாமல் திருப்பிய பிரீசெட்டும் காலத்தைவிட வேகமாக வேலைசெய்கின்றன. ஆகவே பரண்மேல் ஒரு பழைய டிவி கேம் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. கைப்பிடிகளிலும் கையடக்கக் கருவிகளிலும் மறந்துபோன செல்களை இன்றே எடுத்துவிட வேண்டும். கருவிக்குரிய அடாப்டரைக் கருவியோடே கட்டி, அதன் வோல்ட்டையும் முனைகளின் திசையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். எவரேனும் அதைப் பழுதுபார்த்தால், எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்தத் திருகு எவ்வளவு திருப்பப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டைவிடப் பெரிய உதவி வேறில்லை.